ஒட்டாமல் விட்ட தாள்

பங்குனி பிறந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியில் காலண்டர் வேலையெல்லாம் ஓய்ந்து தாள் வெட்டும் இயந்திரங்கள்கூடக் கண்ணயர்ந்து கிடந்த நாட்களில், பழைய அச்சுக்கூடத் தெருவின் பைண்டிங் கொட்டகைக்கு மேலே இருந்த மாடி அறையில், மஞ்சள் துணியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்திருந்த புத்தகத்துக்குக் காய்ச்சல் கண்டது. துணியை அவிழ்த்த சீனித்தாய் முதலில் வெயில்தான் என்று நினைத்தாள். ஓட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் எதுதான் சுடாமல் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், அது குளிர்ந்திருந்தது. பெட்டிக்கு அடியில் கிடந்த தாளைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் குளிர்ந்திருந்தது. புத்தகம் மட்டும் உள்ளேயிருந்து கொதித்தது, புறங்கையை வைத்ததும் எடுக்கத் தோன்றும் அந்தப் பழைய சூட்டோடு. இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் அவள் தம்பி அதிசயத்தின் நெற்றி அப்படித்தான் கொதித்தது. அதனால் அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அட்டையின் மேல் போட்டுவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள்.

மற்றவர்கள் என்பது ஏழெட்டுப் பேர். தெருவில் அவர்களைக் கோட்டுக்காரர்கள் என்று சொல்வார்கள். ஒரு ஆசையை ஒரே வரியில் எழுதி, இரண்டாம் முறை வரும் எழுத்தையெல்லாம் அடித்துவிட்டு, மிஞ்சிய எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கோலம்போல ஒரு கோட்டுருவம் வரைந்து, மனம் ஒடுங்கும்வரை அதையே பார்த்திருந்து, பிறகு அதை எரித்துவிட்டு, எரித்ததையும் மறந்துவிடுவது அவர்கள் வழக்கம். அவர்களுக்கென்று ஒரு சாமி கிடையாது, சாமி இல்லை என்ற கொள்கையும் கிடையாது. ஒரு மாதம் மாரியம்மனை உயிரைக் கொடுத்து நம்புவார்கள், அடுத்த மாதம் வேளாங்கண்ணி மாதாவை, அதற்கடுத்த மாதம் ரேஷன் கடைத் தராசை. வேலைக்குத் தக்க சட்டையைப் போட்டுக்கொள்வதுபோல நம்பிக்கையைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். மதுரையில் கல்லூரியில் படித்தபோது அதிசயம் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனிடமிருந்து சில நகல் தாள்களை வாங்கி வந்தான், கேயாஸ் மேஜிக் என்று அதற்குப் பெயர் சொன்னான், ஊருக்கு வந்து அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுத் தன் தமிழில் தானே ஒன்று எழுதினான். அந்தப் புத்தகத்துக்கு ‘நம்பிப் பார்’ என்று பெயர் வைத்தான். முந்நூறு பிரதி அச்சானது. அச்சான வாரத்திலேயே, இருபத்தேழு வயதில், ஒன்பது நாள் காய்ச்சலில் அவன் போய்விட்டான். முந்நூறில் சிலவற்றைக் கரையான் தின்றது, சிலவற்றை மழை தின்றது, பல பழைய பேப்பர் கடைக்குப் போயின. மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் மூன்று பேர் இருபது வருடமாகச் சண்டை போட்டார்கள்.

குணசிங் அச்சகத்தில் பிளேட் போடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, புத்தகத்தின் அறுபத்து நாலு பக்கமும் அவருக்கு மனப்பாடம். தும்மினால்கூட எந்தப் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்று சொல்வார். தீப்பெட்டி லேபிள் வரைகிற ரூபாவதியோ பதினோராம் பக்கத்தைத் தாண்டியதே இல்லை. தாண்டத் தேவையும் இல்லை என்பாள். சமையல் குறிப்பைப் பாராயணம் பண்ணுகிற வீட்டில் என்றைக்கு அடுப்பு எரிந்திருக்கிறது என்று கேட்பாள். ஒருமுறை தன் கோட்டுக்கு ஒரு எழுத்து வேண்டுமென்று இருபதாம் பக்கத்திலிருந்து பிளேடால் ஒரு ‘ழ’வை வெட்டி எடுத்துக்கொண்டாள், குணசிங் மூன்று மாதம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாமவன் மூக்கையா, லாரிக்கு லோடு ஏற்றுகிறவன், எழுத்து தெரியாதவன். அறைக்குள் வந்தால் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைப்பான், வீட்டுக்கு வந்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல, அவ்வளவுதான். அவன் போட்ட கோடுகள்தான் அதிகம் பலித்தன என்பதை மற்ற இரண்டு பேருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சண்டையில் பெரியது கடைசி வரியைப் பற்றியது. அறுபத்து நாலாம் பக்கத்தின் அடியில், பக்கம் முடிகிற இடத்தில், ‘எல்லாம் செய்து முடித்தபின், கடைசியாக’ என்று இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. எழுதுகிறவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, பாதியில் விட்டுவிட்டான், இதில் என்ன இருக்கிறது என்பாள் ரூபாவதி. குணசிங் சிரிப்பார். சொன்னதையெல்லாம்விடப் பெரியது அவர் சொல்லாமல் விட்டது என்பார். கடைசியாகச் செய்ய வேண்டியது மௌனம், அதனால்தான் அந்த இடத்தில் மௌனத்தையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பார். அதற்கென்று ஒரு முறையே வகுத்திருந்தார்: எந்தச் சடங்கு முடிந்தாலும், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, யார் கூப்பிட்டாலும் வாய் திறக்காமல் இருப்பது. அதைக் கற்றுக்கொள்வதற்காக விருதுநகரிலிருந்துகூட இரண்டு பேர் வந்து போனார்கள்.

சீனித்தாய் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. கீழே கொட்டகையில் முப்பது வருடமாகத் தாள் மடித்து, அடுக்கி, தைத்து, ஒட்டுகிறவள் அவள். எழுதினவருடைய அக்கா என்பதால் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழாதா என்று இரண்டு பக்கமும் பார்க்கும். அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருப்பாள். ஏனென்றால் அந்த வரி எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். பாரத்துக்குப் பதினாறு பக்கமாக நாலு பாரத்தில் அடங்கவேண்டிய புத்தகம் அரைப் பக்கம் மிஞ்சிப் போனது. மிஞ்சியதை ஒரு தனித் தாளில் அடித்து, ஒவ்வொரு பிரதியின் கடைசியிலும் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. தம்பியைப் புதைத்துவிட்டு வந்த ஐந்தாம் நாள் அந்த முந்நூறு தாளும் பசைக் கிண்ணமும் அவள் முன்னால் இருந்தன. முதல் தாளைப் படித்தாள். பிறகு ஒன்றையும் ஒட்டவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதைக் கழிவுத் தாளோடு போட்டுவிட்டு, ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், ரேஷன் கார்டு வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். ஒன்றைச் செய்யாமல் விட்டாள்.

காய்ச்சலைத் தெரு எடுத்துக்கொண்ட விதம் இது. திங்கட்கிழமை நகராட்சி நர்ஸ் சொட்டு மருந்துக் கணக்கெடுக்க வந்தபோது மூக்கையா அவளை மாடிக்கு அழைத்துப் போனான். அவள் தெர்மாமீட்டரை உதறி முப்பத்திரண்டாம் பக்கத்துக்கும் முப்பத்து மூன்றாம் பக்கத்துக்கும் நடுவில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எடுத்து, நூற்றொன்று என்றாள். வயது என்ன என்று கேட்டாள். இருபத்தொண்ணு என்றான் மூக்கையா. ஊசி போட இடம் இல்லை, நனைந்த துணி போடுங்கள், காற்றோட்டமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை தாள்களில் சிறு சிறு பழுப்புப் புள்ளிகள் எழும்பின, எழுத்துகளுக்கு நடுவில், விளிம்போரங்களில், ஒவ்வொன்றும் உளுந்தளவு. எதிர்வீட்டில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து பார்த்து, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

“ஆத்தா எறங்கியிருக்கா. முத்து நல்லாத்தான் போட்டிருக்கா. யாரும் தடவாதீக.”

அதோடு அந்த வீடு அம்மை போட்ட வீடானது. வாசல் நிலையில் வேப்பிலை செருகப்பட்டது. தெருவில் தாளிப்பது நின்றது, கடுகு வெடிக்கிற சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது. கொட்டகையில் பசை காய்ச்சுகிற அடுப்பை அணைத்துவிட்டார்கள், தூர ஊரிலிருந்து வந்தவர்களைக் கீழேயே உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினார்கள், தாள் வெட்டும் இயந்திரக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். பெண்கள் ஒவ்வொருவராக இளநீரும் கூழும் கொண்டுவந்து பெட்டியின் முன்னால் வைத்துவிட்டு, புத்தகம் குடிக்காது என்று எல்லாருக்கும் தெரிந்ததால், கொஞ்ச நேரம் கழித்து மூக்கையாவைக் குடிக்கச் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சில நாட்களில் மூக்கையா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான் என்று ரூபாவதி கேலி பண்ணினாள். நோயாளிக்குப் பதிலாக நான் தேறுறேன், அதுவும் ஒரு மந்திரம்தான் என்றான் அவன்.

ரூபாவதி தன் வழியில் முயன்றாள். ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளலாம், பிறகு இது இருந்தால் என்ன போனால் என்ன என்றாள். பதினோராம் பக்கத்தில் போன் சுட்டு அணைந்துவிட்டது. அவள் படித்திருந்த இடம்வரைதான் அது தாங்கியது என்று குணசிங் சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் சொன்னது. அவர் தன் வழியில் முயன்றார். தினமும் சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, பெட்டியின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்துக்கு அதையே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓதினார். தன்னைத் தானே மறந்துபோன ஒருவருக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுப்பதுபோல, அவ்வளவு நிதானமாக, அவ்வளவு பிரியமாக ஓதினார். கீழே பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ‘கடைசியாக’ என்ற இடம் வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அந்த மௌனத்தில் பாதரசம் ஏறும். முதல் நாள் நூற்றிரண்டு, நாலாம் நாள் நூற்று மூன்றரை, எட்டாம் நாள் தாளின் ஓரம் சுட்ட அப்பளம்போலக் கறுத்துச் சுருண்டது.

சுவரைப் பார்த்த அந்த முதுகைச் சீனித்தாயால் பார்க்க முடியவில்லை. போன கார்த்திகையில் குணசிங்கின் மனைவி செல்வக்கனி இறந்துபோனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து அதைச் சொன்னார். மத்தியான நேரம், வீட்டில் இரண்டு பேர் மட்டும், அவள் நாக்கு வறண்டு, படுக்கையிலிருந்து கையை நீட்டி, ஏதாச்சும் பேசுங்களேன் என்றாளாம். மூன்று தடவை சொன்னாளாம். எல்லாம் முடிந்துவிட்டது, இது கடைசி என்று தனக்குத் தெரிந்தது என்றார். கடைசியில் செய்யவேண்டியதை நூல் சொன்னபடி செய்துவிட்டேன், வாய் திறக்கவில்லை, அவளை அப்படித்தான் வழியனுப்பினேன் என்று சொன்னபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன, அது பெருமையா வேறு எதுவுமா என்று யாருக்கும் தெரியவில்லை. மூக்கையா எழுந்து போனான், இரண்டு வாரம் வரவே இல்லை. சீனித்தாய் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். தன் தம்பியின் பெயர் எரிந்துபோகாமல் இருக்கவேண்டும் என்று தான் ஒட்டாமல் விட்ட ஒரு தாளின் இடத்தில், ஒரு பெண் மூன்று தடவை கேட்டுவிட்டுச் செத்திருக்கிறாள் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நாலு மாதம் டம்ளர் கழுவினாள். சொன்னால் அந்த மனிதரிடம் மிஞ்சுவது என்ன என்று யோசித்தாள். சொன்னால் தாளைக் காட்ட வேண்டும், காட்டினால் அதில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும், செய்தால் தம்பி இரண்டாம் தடவை போய்விடுவான் என்பதையும் யோசித்தாள்.

ஒன்பதாம் நாள் பக்கத்துத் தீப்பெட்டிக் கிட்டங்கியின் முதலாளி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆத்தாளைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பண்டல் குச்சி கிடக்கிறது, நாலு தெருவும் சேர்ந்து போகும், செவ்வாய்க்கிழமைக்குள் சூடு இறங்கவேண்டும், இல்லையென்றால் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கண்மாய்க் கரை என்றால் அங்கே வெயிலில் அது தானே கருகிப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். குணசிங் புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வேட்டி பொசுங்கும் வாசனை வந்தது. அவர் அசையவில்லை.

அப்போது மூக்கையா சொன்னான்.

“இத்தனை நாளா எல்லாரும் குடுத்துக்கிட்டே இருக்கோம், தண்ணி குடுத்தோம், கூழு குடுத்தோம், ஓதிக் குடுத்தோம். அது என்னமோ கேக்குதுய்யா. அந்த ஒரு எடத்துலதான் ஏறுது. அண்ணாச்சி நிப்பாட்டுற எடத்துல.” பிறகு அவன் சீனித்தாயைப் பார்த்தான், குற்றம் சொல்கிற பார்வை இல்லை அது, சுமையை எந்தப் பக்கம் பிடித்தால் தூக்கலாம் என்று பார்க்கிற லோடுமேன் பார்வை. “என்னக்கா?”

அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். தகரப் பெட்டியைத் திறந்தாள். தாள் இருபத்தொரு வருடமும் கிணற்றுக்குள் கிடந்ததுபோலச் சில்லென்று இருந்தது. அதை மார்போடு வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில், செருப்பில்லாமல், தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்தாள்.

குணசிங்கிடம் அதை நீட்டியபோது அவர் முதலில் தாளைத்தான் பார்த்தார். அதே மையா, அதே எழுத்தா, அதே வெட்டா என்று பிளேட் போட்டவரின் கண்ணால் பார்த்தார். பிறகுதான் படித்தார், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. சீனித்தாய்க்கு அது மனப்பாடம். ‘இந்தப் புத்தகத்தை எரித்துவிடு. எரிக்காமல் வைத்திருந்தால் இதைக் கும்பிடத் தொடங்குவாய். கும்பிடத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவது உன் காதில் விழாது.’ அதற்குக் கீழே தம்பியின் பெயர்.

ரூபாவதி எட்டிப் படித்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள். இருபது வருடமாக அவள் வாதாடி வந்தது அத்தனையும் அந்த மூன்று வரியில் இருந்தது, அவள் ஜெயித்திருந்தாள், அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

குணசிங் தாளிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டார்.

“செல்வக்கனி போன அன்னைக்கு இது உங்கிட்ட இருந்துச்சா, தாயி?”

“இருந்துச்சு அண்ணாச்சி.”

“நான் வந்து சொன்ன அன்னைக்கும்?”

“அன்னைக்கும் இருந்துச்சு.”

அவர் தாளை மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஒட்டு” என்றார். “உன் வேலைதானே. செஞ்சு முடி.”

பசை காய்ச்சுவதற்குப் பேச்சியம்மாளின் உத்தரவு வேண்டியிருந்தது. அம்மை வீட்டில் அடுப்பா என்று அவள் யோசித்தாள். கடுகு போடப் போறதில்லையே, மாவுதானே, ஆத்தா பொறுத்துக்குவா என்றாள் கடைசியில். சீனித்தாய் மைதாவைக் கரைத்து, பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்து, விரலில் தொட்டு, தாளின் உள்விளிம்பில் ஒரு நூலளவு தடவினாள். முந்நூறில் முதல் பிரதிக்குத் தடவியிருக்கவேண்டிய பசை அது. புத்தகம் அவள் கையைச் சுட்டது, கட்டைவிரல் நுனியில் கொப்புளம் வந்தது, அவள் எடுக்கவில்லை. தாளை இடத்தில் வைத்து மூக்கையாவின் உள்ளங்கையால் அழுத்தச் சொன்னாள். அவன் அழுத்திக்கொண்டிருந்தபோதே, கடைசித் தாளின் குளிர்ச்சி அறுபத்து நாலாம் பக்கத்துக்கு ஏறி, அங்கிருந்து அறுபத்து மூன்றுக்கு, அங்கிருந்து நாற்பதுக்கும் இருபதுக்கும், வெட்டி எடுத்த ‘ழ’வின் ஓட்டை வழியாக முதல் பாரத்துக்கும் இறங்கியது. சாயங்காலம் நர்ஸ் வந்து பார்த்தபோது தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. பழுப்பு முத்துகள் உதிர்ந்து பெட்டிக்குள் தவிடுபோலக் கிடந்தன. தெருவில் குலவை போட்டார்கள். பேச்சியம்மாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, அட்டையின் மேல் மூன்று சொட்டு தெளித்து முதல் தண்ணீர் விட்டாள். கிட்டங்கி முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

பிழைத்துவிட்டது. யாரும் அதை எரிக்கச் சொல்லவில்லை. தெருவுக்கு அது அம்மை கண்டு தேறிய பிள்ளை. எந்தத் தெரு அப்படிப்பட்ட பிள்ளையை நெருப்பில் போடும்? ரூபாவதியே, பதினோரு பக்கத்துக்கு மேல் படிக்காதவள், சீனித்தாயிடம், இருக்கட்டுமே அத்தை, அவர் எழுதினது எழுதினபடி இப்பதானே முழுசா இருக்கு என்று அழுதாள். குணசிங் மட்டும் பேசவில்லை, அறுபத்து நாலு பக்கமும் சொன்னதை ஒரு நாளும் மீறாதவர். மறுநாள் காலையில் சீனித்தாய் மஞ்சள் துணியைச் சுற்றிப் புத்தகத்தை எடுத்தபோது அவர் வழியை மறித்து நின்றார்.

“வேண்டாம் தாயி. நான் வச்சுக்கிறேன். படிக்க மாட்டேன், கும்பிட மாட்டேன். சும்மா வச்சுக்கிறேன்.” மஞ்சள் துணியின் மேல் கையை வைத்தார். “அவளையும் குடுத்துட்டேன். இதையும் குடுத்துட்டா என்கிட்ட என்ன இருக்கு?”

“என்கிட்டயும் அதேதான் அண்ணாச்சி” என்றாள் சீனித்தாய். “இதுல ஒவ்வொரு எழுத்தும் அவன் கையி. இத வச்சுக்கணும்னுதான் அன்னைக்கு ஒட்டாம விட்டேன். வச்சுக்கிட்டதுக்கு உங்க வீட்டுல ஒரு உசிரு தாகத்தோட போச்சு. இன்னொரு வீட்டுல அது நடக்க வேண்டாம்.”

அவர் விலகினார். பிறகு, கொஞ்ச தூரம் விட்டு, பின்னாலேயே வந்தார்.

மூக்கையாவின் மூன்றுசக்கர வண்டியில் புத்தகம் போனது, தெரு அதற்குப் பின்னால் போனது, ஆளுக்கொரு வேப்பங்கொத்தோடு. கண்மாய் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது; தீ பரவ ஒன்றும் இல்லாத நடுத்திட்டில் சருகும் சுள்ளியும் கூட்டினார்கள். நான் படிக்கிறேன், நீ பத்தவை என்றார் குணசிங். அறுபத்து நாலு பக்கத்தையும், கண்ணாடி போட்டுக்கொண்டு, மனப்பாடமாக இருந்தும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் படித்தார். வெயில் சாய்ந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ‘எல்லாம் செய்து முடித்தபின், கடைசியாக’ என்று படித்ததும் பழக்கத்தில் அவர் தலை திரும்பியது. சுவர் இல்லை. வெறும் கண்மாய், அதற்கு அப்பால் பனைகள். எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் தாளைத் திருப்பினார். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் திருப்ப ஒரு தாள் இருந்தது. மூன்று வரியையும், கீழே இருந்த பெயரையும் படித்துவிட்டு, சுள்ளியின் மேல் வைத்தார்.

சீனித்தாய் தீக்குச்சியைக் கிழித்தாள். தீப்பெட்டியின் மேல் ரூபாவதி வரைந்த மயில் இருந்தது. தாள் நன்றாகக் காய்ந்திருந்ததால் புத்தகம் அடம் பிடிக்காமல் எரிந்தது, எரியும்போது பக்கங்கள் ஒவ்வொன்றாக யாரோ புரட்டுவதுபோலப் புரண்டன, அவள் தம்பி படித்துக்கொண்டே சோறு தின்னும்போது புரட்டுகிற வேகத்தில். அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள். கடைசித் தாள் பசை போட்ட இடத்தில் கொஞ்சம் தாமதித்து, மயில்துத்தத்தின் பச்சையில் ஒரு நொடி எரிந்து, அடங்கியது.

அந்த அமைதியில்தான் குணசிங் பேசினார். நெருப்பைப் பார்த்துப் பேசினார், யாரும் திடுக்கிடவில்லை, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்ததுபோல எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“கனி,” என்றார். “கொஞ்சம் தண்ணி குடிக்கியா?”

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், கேட்டவர் காத்திருப்பதுபோல. பிறகு பேச்சியம்மாள் எழுந்து, மிச்சமிருந்த வேப்பிலைத் தண்ணீரைச் சாம்பலின் மேல் ஊற்றி இரண்டாம் தண்ணீரையும் மூன்றாம் தண்ணீரையும் ஒன்றாக முடித்தாள்.

தாளிக்காமல் இன்னும் மூன்று நாள் இருக்கவேண்டும் என்பது முறை, இருந்தார்கள். நாலாம் நாள் காலையில் பேச்சியம்மாள் வீட்டில் முதல் கடுகு வெடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டில், அதைக் கேட்டு அதற்கடுத்த வீட்டில் என்று தெரு முழுக்க வெடித்துக்கொண்டே போய், கறிவேப்பிலை வாசனை கொட்டகையின் மாடி வரைக்கும் ஏறியது. அங்கே ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்து வெறும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். குணசிங் வரவில்லை. அவர் சீனித்தாயோடு அதற்குப் பிறகு பேசவும் இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால் நின்று, அவள் போகும்வரை வழிவிடுவார், அவ்வளவுதான்.

சீனித்தாய் வீட்டில்தான் கடைசியாகத் தாளித்தது. எண்ணெய் காய்ந்து புகைந்தது. கொப்புளம் ஆறாத கட்டைவிரலால் உள்ளங்கையிலிருந்த கடுகைத் தள்ளாமல், இன்னும் காய்ச்சல் விடாத யாரோ உள்ளே படுத்திருப்பதுபோல, அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. போட்டாள்.